தீர்மானத்தில் ஒரு வரி
பரம்பிக்குளம் – ஆழியாறு பாசன விவசாயிகளுக்கு ஒரு திறந்த மடல்

நான்கு மண்டலங்களின் பாசன சபைத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், கடைமடையில் கண்விழித்துக் காத்திருக்கும் அண்ணன்மார், அக்காமார், தம்பிமார் எல்லோருக்கும்,

ஆனைமலையாறு – நல்லாறு திட்டத்தை உடனே தொடங்கச் சொல்லி நம் சபைகளில் மறுபடியும் தீர்மானம் தயாராகிறது. நியாயமான கோரிக்கைதான். 1970ல் கேரளத்தோடு கையெழுத்தாகி, 1958 முதலே செல்லும் என்று கொள்ளப்பட்ட ஒப்பந்தத்தில், ஆனைமலையாற்றிலிருந்து இரண்டரை டி.எம்.சி. தண்ணீர் நமக்கு உண்டு. கேரளம் இடமலையாறு அணையைக் கட்டி முடித்தபின் எடுத்துக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. அணை 1985லேயே எழும்பிவிட்டது. பணி முழுதாக முடியவில்லை என்று கேரளம் சொல்ல, நாம் வருடா வருடம் தீர்மானம் போட, காலம் ஓடிக்கொண்டிருக்கிறது.

நானும் அதில் கையெழுத்துப் போடுகிறவன்தான். வேட்டைக்காரன்புதூர் கால்வாய்த் தண்ணீரில் தென்னை வளர்த்துப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. மண்டலம் மாறி நம் முறை வர எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், ஒரு சுற்று உயிர்த்தண்ணி தவறினால் மட்டை எப்படித் தொங்கும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் இந்த முறை கையெழுத்துக்கு முன்னால் அந்தத் தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த மலையில் குடியிருக்கிறவர்களுடைய வன உரிமையைக் கொடுத்து முடித்து, அவர்களுடைய கிராம சபைகளின் ஒப்புதலைப் பெற்ற பிறகே அங்கே ஒரு கல்லைப் பெயர்க்க வேண்டும் என்கிற வரி.

ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சியைத் தாண்டிக் கிழக்கே போகப் போக மழை குறைந்துகொண்டே போகும். தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தையெல்லாம் மலை வாங்கிக்கொண்டு, நமக்கு வெறும் காற்றை அனுப்புகிறது. மலைக்கு மேலே சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. கீழே காங்கேயமும் பல்லடமும் மேய்ச்சல் காடு. இந்த இரண்டுக்கும் நடுவில் சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், ஆழியாறு, திருமூர்த்தி என்று அணைகளைக் கோத்து, மலையைக் குடைந்து சர்க்கார்பதிக்குத் தண்ணீரை இறக்கி, அங்கிருந்து கால்வாய் வெட்டிக் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு நாம் எந்நாளும் கடன்பட்டவர்கள். மேற்கே போன தண்ணீர் கிழக்கே திரும்பி, இன்று மூன்றே முக்கால் லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. 1961ல் நேரு இந்தப் பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தைத் தொடங்கிவைத்த அக்டோபர் 7ஆம் தேதியை பி.ஏ.பி. நாளாகக் கொண்டாடுகிறோம். காமராசரையும் சி. சுப்பிரமணியத்தையும் வி.கே. பழனிசாமிக் கவுண்டரையும் நா. மகாலிங்கத்தையும் நினைக்கிறோம். சுரங்கம் குடைந்தபோது உயிர்விட்ட தொழிலாளர்களுக்கும் தலைவணங்குகிறோம்.

அணைகள் கட்டிய இடத்தில் ஏற்கெனவே இருந்தவர்களின் பெயரை அந்த பி.ஏ.பி. நாள் மேடையில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

பரம்பிக்குளத்தின் நீர்ப்பரப்புக்குக் கீழே இருப்பது காடர் என்னும் மலைக்குடியினர் கிழங்கு தோண்டிய காடு. பரம்பிக்குளம், சோலையாறு, பெரிங்கல்குத்து என்று மலையில் அணைகள் வரிசையாக எழுந்த காலத்தில் காடர் குடிகள் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்துகொண்டே இருந்தன. சாலக்குடியாற்றங்கரையில் வாழச்சால் பக்கம் இப்போதிருக்கும் காடர் ஊர்களில் பல அப்படி இடம்பெயர்ந்து சேர்ந்தவர்களுடையவை. அதற்கும் முன்னால் 1907ல் கொச்சி சமஸ்தானம் பரம்பிக்குளத்துக் காட்டு மரத்தை இறக்கச் சாலக்குடி வரை டிராம் பாதை போட்டது. 1963 வரை அது ஓடியது. நம் பக்கத்தில் டாப்சிலிப்பின் உச்சியிலிருந்து தேக்கு மரங்களைச் சறுக்கிவிட்டு, கப்பல் கட்ட பம்பாய்க்கு அனுப்பினார்கள். வெட்டி வெட்டித் தேய்ந்துபோன தேக்குக் காட்டை மீட்டெடுத்த ஹ்யூகோ வுட் என்னும் வன அதிகாரியின் கல்லறையை டாப்சிலிப் போகும்போது தேடிப் பார்த்துவிட்டு வருகிறோம். பார்க்க வேண்டிய இடம்தான். அந்த மரங்களை வெட்டிய கைகளும், யானையை வைத்து இழுத்த கைகளும், பிறகு கன்று நட்ட கைகளும் பெரும்பாலும் மலசர், காடர் கைகள். அவர்களுக்கு எங்கே கல்லறை என்று யாரும் தேடுவதில்லை. 1890களில் வால்பாறை மேட்டில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாக மழைக்காட்டை வெட்டிச் சாய்த்தபோது, அந்தக் காடு முழுதும் நடந்து திரிந்தவர்கள் எஸ்டேட்டுகளுக்கு நடுவே மிஞ்சிய துண்டுகளில் ஒதுங்கினார்கள்.

இந்த மலையில் காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், இரவாளர் என்று ஆறு குடிகள் இருக்கின்றன. எருமப்பாறை, கூமாட்டி, கோழிகமுத்தி, நாகரூத்து, சர்க்கார்பதி, சின்னார்பதி, நெடுங்குன்றம், உடுமன்பாறை, வெள்ளிமுடி, பரமன்கடவு, குழிப்பட்டி, மாவடப்பு, குருமலை, தளிஞ்சி, மஞ்சம்பட்டி. நம் கால்வாய்க்கு எந்தக் கிலோமீட்டரில் மடை இருக்கிறது என்று மனப்பாடமாகச் சொல்கிற நமக்கு இந்தப் பெயர்களில் பாதிகூடத் தெரியாது. சர்க்கார்பதி என்றால் மின்நிலையம் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது.

வால்பாறைப் பக்கம் ஒரு காடர் குடியிருப்புக்கு நண்பர் ஒருவரோடு போயிருந்தேன். மழை விட்ட நேரம். அறுபது வயதுக்கு மேலிருக்கும் அம்மா ஒருவர், முனை கூராக்கிய கம்பு ஒன்றோடு சரிவில் உட்கார்ந்து காட்டு வள்ளிக்கொடி ஒன்றின் அடியைத் தோண்டிக்கொண்டிருந்தார். கொடியை அவர் இழுக்கவே இல்லை. விரலால் தடவி, அது எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்து, அந்தப் பக்கம் மட்டும் மண்ணை எடுத்தார். முழங்கை ஆழம் போனதும் கிழங்கு தெரிந்தது. அதை முழுதாக எடுக்கவில்லை. மேலே ஒரு சாண் விட்டுக் கீழே உடைத்தார். விட்ட பகுதியைக் கொடியோடு அப்படியே குழியில் நிறுத்தி, தோண்டிய மண்ணை உதிர்த்துப் போட்டு, காய்ந்த இலையை மேலே பரப்பி, உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். தோண்டிய இடம் எது என்று அடுத்த நிமிடம் எனக்கே தெரியவில்லை. ஏன் முழுதும் எடுக்கவில்லை என்று கேட்டேன். "தலையைத் தின்னா அடுத்த மழைக்கு எதைத் தம்பி தோண்டுவ?" என்றார். பக்கத்தில் நின்ற அவருடைய பேத்திக்கு எட்டு வயதிருக்கும். இந்தக் கொடி அம்மாச்சியோடது, அந்தப் பாறைக்கு அடியில் இருப்பது சித்தியோடது என்று அவள் கைகாட்டிக்கொண்டே வந்தாள். வேலி கிடையாது, எல்லைக்கல் கிடையாது. யாருடையது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கருங்குங்கிலியமும் அப்படித்தான். பூசைக்கு நாம் புகைபோடும் குங்கிலியத்தில் ஒரு வகை இந்த மழைக்காட்டு மரத்திலிருந்து வருகிறது. அடிமரத்தில் காயம்பட்ட இடத்திலிருந்து பால் கசிந்து, வழிந்து, கறுத்து இறுகும். அது இறுகும் வரைக்கும் காத்திருந்து பெயர்த்தெடுப்பார்கள். அவசரப்பட்டு ஆழமாக வெட்டினால் மரம் போய்விடும். அதனால் எந்த மரத்தில் எப்போது எடுத்தது, எதை இந்த வருடம் விட வேண்டும் என்பதெல்லாம் தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி வருவது. தேனெடுப்பு இன்னும் கடுமை. நிலவில்லாத இரவில், உயரமான மரத்தில் மூங்கில் முளையை ஒவ்வொன்றாக அடித்து அதில் கால்வைத்து ஏறுவார்கள். பாறையென்றால் கொடியில் திரித்த கயிற்றில் தொங்கி இறங்குவார்கள். மேற்கு மலையில் தேனெடுக்கும் குடிகள் பலவற்றில் மேலே நின்று கயிறு பிடிப்பவர் மச்சினன்தான். அக்காளையோ தங்கையையோ கட்டிக் கொடுத்தவன் கயிற்றை விடமாட்டான் என்கிற நம்பிக்கை. கல்யாணத்தின்போது காடர் மாப்பிள்ளை தன் கையால் மூங்கிலில் சீப்பு செதுக்கிப் பெண்ணுக்குக் கொடுப்பார். சீப்பில் இழைக்கிற கோலத்துக்குத் தகுந்த மூங்கில் எந்த ஓடைக்கரையில் இருக்கிறது என்பதும் அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உணவு, உறவு, கல்யாணம் எதை எடுத்தாலும் காட்டில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் போய் நிற்கிறது. வேறு காட்டில் கொண்டுபோய் விட்டால் மூங்கிலும் கிழங்கும் கிடைக்கலாம். எந்தக் கொடி யாருடையது, எந்த மரத்துக்கு இந்த வருடம் ஓய்வு என்கிற அறிவு கூடவே வராது.

கொங்கு மண்ணில் பிறந்தவர்களுக்கு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நமக்குக் காணி இருக்கிறது, காணிக் கோயில் இருக்கிறது. நாலு தலைமுறைக்கு முன்னால் ஊரைவிட்டுப் போனவரின் பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தினாலும், பிள்ளைக்கு முதல் மொட்டை அடிக்க அந்தக் கோயிலுக்குத்தான் வருகிறான். நிலம் இன்று எவர் பெயரில் இருந்தாலும், அங்கே அவனுக்குள்ள உரிமையை யாரும் கேள்வி கேட்பதில்லை; ஆவணம் காட்டச் சொல்வதும் இல்லை. காடருக்கும் மலசருக்கும் அந்த மலை முழுதும் காணி. பிறந்தவர்களின் கொடியும் இறந்தவர்களைப் புதைத்த மண்ணும் அங்கேதான். ஆனால் அவர்களிடம் மட்டும் நாம் ஆவணம் கேட்கிறோம்.

கேட்ட ஆவணத்தைக் கொடுக்கவும் ஒரு சட்டம் வந்தது. 2006ல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. குடியிருக்கும் நிலம், பயிர் செய்யும் நிலம் இவற்றுக்கு உரிமை. தேன், கிழங்கு, குங்கிலியம் எடுக்க உரிமை. இவற்றையெல்லாம்விடப் பெரியது 3(1)(i) பிரிவு: தாங்கள் வழிவழியாகக் காத்துவந்த காட்டைப் பாதுகாக்கவும் மீட்டெடுக்கவும் நிர்வகிக்கவும் அந்த ஊர்ச் சமூகத்துக்கே உரிமை. அதாவது அந்த அம்மா கொடியின் தலையைத் திரும்ப நட்டாரே, அந்தப் பழக்கத்துக்குச் சட்டத்தில் ஓர் இடம். ஆனால் தமிழ்நாட்டில் 2008ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் உரிமைப் பட்டா வழங்குவது நின்றுபோனது. 2016ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கும் வரை எட்டு வருடம் மனுக்கள் அடுக்கிலேயே கிடந்தன. அந்தத் தடை வருவதற்கு முன்பே, 2007ல், இந்த மலை புலிகள் காப்பகமாகிவிட்டது. புலையர் மக்களின் கதை இன்னும் சிக்கல்: அரசுப் பட்டியலில் அவர்கள் பழங்குடியாகவே இல்லை. எனவே இந்தச் சட்டத்தில் உரிமை கோர, மூன்று தலைமுறையாக, 75 வருடமாக அங்கேயே இருப்பதை அவர்கள் மெய்ப்பிக்க வேண்டும். காடர்கள் கேரளத்தில் மிகவும் நலிந்த பழங்குடிகளின் பட்டியலில் இருக்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் அதே காடர் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரே ஆறு, ஒரே குடி, கிடைக்கும் உதவி மட்டும் எல்லைக்கல்லைப் பொறுத்தது.

கல்லார்குடி என்னும் காடர் குடியிருப்பை நினைத்துப் பாருங்கள். 2019 ஆகஸ்ட் மழையில் மண் சரிந்து குடிசைகள் போயின. காடர் குடும்பங்கள் இருபதுக்கும் மேல். சரியாத இடமாக, தங்களுக்குப் பழக்கமான தெப்பக்குளமேட்டில் குடிசை போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். காப்பகத்துக்குள் புது இடம் கூடாது என்று தடுத்து, அவர்களைத் தேயிலை எஸ்டேட்டின் பழைய லைன் வீடுகளில் கொண்டுபோய் வைத்தார்கள். காட்டில் திரிந்தவர்கள் லைன் வீட்டில் என்ன செய்வார்கள்? திரும்பத் திரும்ப மனு கொடுத்தார்கள், போராடினார்கள், பட்டினி கிடந்தார்கள். 2021ல்தான் தெப்பக்குளமேட்டில் வீட்டுமனைக்குப் பட்டா கிடைத்தது. ஆளுக்குச் சில சென்ட். முன்னோர் நடந்த காட்டில் சில சென்ட் வாங்க இரண்டு வருடம் ஆனது. அப்போது நாம் எங்கே இருந்தோம்? பி.ஏ.பி. தண்ணீர் ஒரு வாரம் தாமதமானால் சாலையில் உட்காருகிற நாம், அவர்களுக்காக ஓர் அறிக்கையும் விடவில்லை. நம் சபைகளின் சொல்லுக்குக் கோவையிலும் திருப்பூரிலும் ஆட்சியர் அலுவலகம் காதுகொடுக்கும். அந்த பலத்தில் கொஞ்சத்தை அவர்களுக்குத் தரலாம்.

நம்மில் சிலர் சொல்வது எனக்குக் கேட்கிறது. உரிமை கொடுத்தால் காட்டை வெட்டி விற்றுவிடுவார்கள், காடு போனால் தண்ணீரும் போகும், காப்பகத்துக்குள் ஆளே இருக்கக் கூடாது என்கிறார்கள். தண்ணீரைப் பற்றிய கவலை எனக்கும் உண்டு. சோலை நின்றால்தான் கோடையிலும் ஓடையில் தண்ணீர் கசியும் என்பதில் இரண்டு கருத்து கிடையாது. ஆனால் இந்த மலையின் மழைக்காட்டை வெட்டியது யார்? தேக்குக்காகவும் காப்பிக்காகவும் தேயிலைக்காகவும் வெட்டியவர்கள் வெளியிலிருந்து வந்தார்கள். அணைக்காக மூழ்கடித்தது நமக்காக. அடிவாரத்தில் சேத்துமடை, ஆனைமலை பக்கம் யானை நடக்கும் வழியில் சொகுசு விடுதி கட்டி, இரவெல்லாம் விளக்கெரிப்பவர்கள் மலைக்குடிகளின் தலைவர்களான மூப்பன்மார் இல்லை. கிழங்கின் தலையை நட்டுவைக்கிறவர்களைப் பார்த்துக் காட்டை அழிப்பார்கள் என்று சொல்ல நமக்கு வாய் வரக் கூடாது.

கண்ணால் பார்த்த உதாரணங்களும் உண்டு, தூரத்தில் இல்லை. வாழச்சாலில் ஒரு காலத்தில் இருவாட்சிக் குஞ்சைக் கூட்டிலிருந்து எடுத்த காடர்களே, இப்போது வனத்துறையோடும் ஆய்வாளர்களோடும் சேர்ந்து கூடுகளைக் கண்டறிந்து காவல் காக்கிறார்கள். எந்த மரப்பொந்தை இருவாட்சி எந்த மாதத்தில் அடைக்கும் என்பது அவர்களைவிட யாருக்குத் தெரியும்? 2014ல் வாழச்சாலின் ஒன்பது காடர் ஊர்களுக்கு ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் காட்டின் மீது சமூக வன உரிமை கிடைத்தது. அதிரப்பள்ளியில் 163 மெகாவாட் மின்திட்டம் வருவதை எதிர்த்து நின்றபோது அவர்கள் கையில் இருந்த ஆயுதம் அந்த உரிமையும் கிராம சபைத் தீர்மானமும்தான். அங்கே முன்னின்றவர் வாழச்சால் ஊர் மூப்பத்தி வி.கே. கீதா, காடர் பெண். வடக்கே சத்தியமங்கலத்தை ஒட்டிய பிலிகிரி ரங்கன் மலையில் 2011ல் சோளகர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. அதுவும் புலிகள் காப்பகம்தான். ஊர்கள் இருக்க, புலிகளும் இருக்கின்றன.

இதற்கு நேர்மாறாகத்தான் 2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. நாடு முழுதும் காப்பகங்களின் மையப்பகுதியில் இருக்கும் 591 ஊர்கள், 64,801 குடும்பங்களை வெளியேற்றும் வேலையை விரைவுபடுத்தச் சொன்னது. ஆனைமலை மட்டும் தனியாகத் தப்பிவிடும் என்று நினைக்க முடியவில்லை.

இன்னொரு மழைக்காட்டையும் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் குயின்ஸ்லாந்து கரையோரம் டெயின்ட்ரீ என்று ஓர் ஆதிகாலக் காடு. அங்குள்ள பூர்வகுடிகள் நஞ்சுள்ள காட்டுக் கொட்டைகளை நறுக்கி, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, நஞ்சு நீக்கி மாவாக்கிச் சாப்பிட்டவர்கள். அந்தக் காட்டை 1988ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, மரத்துக்காகவும் விலங்குக்காகவும். மக்களின் பண்பாட்டுக்கும் அந்நாட்டின் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைக்க 2012 ஆனது. 2021 செப்டம்பரில் டெயின்ட்ரீ உட்பட 1,60,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட தேசியப் பூங்கா நிலத்தைக் கிழக்கு குக்கு யலாஞ்சி மக்களிடம் அரசு முறைப்படி ஒப்படைத்தது. பூங்கா பூங்காவாகவே இருக்கிறது. அரசும் அந்த மக்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். நம் மேற்கு மலையும் 2012ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. கரியன் சோலை அதில் இருக்கிறது, வால்பாறைக்கு மேலே உள்ள புல்மலைப் பூங்காவும் இருக்கிறது. நம் மலையும் மரத்துக்காகவும் விலங்குக்காகவும்தான் ஏறியிருக்கிறது. டெயின்ட்ரீயில் முப்பது வருடம் கழித்துச் செய்ததை நாம் இப்போதே தொடங்கலாம்.

நம் மலைக்குடிகளுக்கு நாம் பட்ட கடன் தண்ணீரோடு முடியவில்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள். 2019 பிப்ரவரியில் சின்னத்தம்பி என்ற காட்டு யானை உடுமலைப் பக்கம் கரும்பிலும் வாழையிலும் இறங்கி நின்றபோது நாம் யாரைக் கூப்பிட்டோம்? கோழிகமுத்தி யானை முகாமிலிருந்து பழக்கப்பட்ட கும்கி யானை கலீமும் அதன் பாகனும் வந்து சேர்ந்த பிறகுதான் ஊர் மூச்சுவிட்டது. 2023ல் பணி ஓய்வுபெற்ற அந்தக் கும்கி கலந்துகொண்ட நடவடிக்கைகள் 99. அதன் முதுகில் உட்கார்ந்திருந்தவர்கள் மலசர்கள். யானையின் காதசைவைப் பார்த்து அதன் மனதைச் சொல்கிற அந்த அறிவு எந்தக் கல்லூரியிலும் கிடைப்பதில்லை. காட்டில் யானைகளோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு வருவது. அந்தப் பாகன்மாரின் சொந்தக்காரர்கள் இருக்கிற மலையில்தான், பிரசவ வலி வந்த பெண்ணைத் தொட்டில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு மைல்கணக்கில் இறங்குகிறார்கள். காடம்பாறையில் 400 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் மலையிலேயே மின்கம்பி எட்டாத குடியிருப்புகள் இருக்கின்றன. சாலை கேட்டால் புலி, கம்பி கேட்டால் புலி. சுரங்கமும் அணையும் நாம் கேட்கும்போது மட்டும் புலி குறுக்கே வராது என்று எப்படி எதிர்பார்க்கிறோம்?

ஆகவே நம் கோரிக்கையின் பலத்துக்காகவும்கூட அந்த வரி வேண்டும். காட்டு நிலத்தை வேறு பயனுக்கு எடுக்க, வன உரிமைகளைத் தீர்த்துக் கிராம சபையின் ஒப்புதல் பெற வேண்டும் என்று 2009லேயே மத்திய அமைச்சகம் சுற்றறிக்கை விட்டது. 2013ல் ஒடிசாவின் நியம்கிரி மலையில் சுரங்கம் தோண்டலாமா என்பதை அங்குள்ள கிராம சபைகளே சொல்லட்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 12 கிராம சபைகளும் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. பின்னால் வந்த விதிகள் இந்தக் காப்பைத் தளர்த்தியிருக்கின்றன. அதனால் நாம் கேட்காமல் இருந்துவிடலாம் என்று ஆகாது. மூப்பன்மார் வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். அணை கட்டாமலே தண்ணீரைச் சேமிக்க நமக்கு வழிகள் பாக்கி இருக்கின்றன: பிரதான கால்வாயின் கசிவு, வழியில் நடக்கும் தண்ணீர்த் திருட்டு, தூர்ந்துகிடக்கும் குளங்கள், சொட்டுநீருக்கு மாறாத தோட்டங்கள். இவற்றைப் பற்றிப் பேசவும் அந்த 'வேண்டாம்' நம்மை நிர்ப்பந்திக்கும்.

இனி நடைமுறை. நான் முன்வைக்கும் வரி இது: "ஆனைமலை, வால்பாறை, உடுமலை மலைகளில் உள்ள எல்லாக் குடியிருப்புகளுக்கும் வன உரிமைச் சட்டப்படி தனிநபர் உரிமையும் சமூக வன உரிமையும் வழங்கி முடிக்கப்பட வேண்டும்; மலையில் எந்தப் புதிய அணையும் சுரங்கமும் அந்தந்தக் குடியிருப்பின் கிராம சபை ஒப்புதலோடு மட்டுமே தொடங்கப்பட வேண்டும்." வரும் அக்டோபர் 7ஆம் தேதி மேடையில் மூப்பன்மார், மூப்பத்திமார் நாலு பேருக்கு நாற்காலி போட்டு, அவர்களைப் பேசச் சொல்ல வேண்டும். பொன்னாடை போர்த்தி உட்காரவைத்துவிட்டு நாமே பேசிக்கொண்டிருக்கக் கூடாது. அவர்கள் சொல்வது நமக்குப் பிடிக்காமலும் இருக்கலாம். டாப்சிலிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சேத்துமடையிலிருந்து வண்டி ஏற்பாடு செய்யும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். வால்பாறைப் பக்கத்துக்கும் திருமூர்த்திமலைப் பக்கத்துக்கும் யாராவது பொறுப்பெடுக்க வேண்டும்.

தீர்மான வரைவை அடுத்த கூட்டத்துக்கு முன்னால் உங்கள் கிளைவாய்க்கால் சபையில் படித்துக் காட்டுங்கள். வார்த்தைகளை மாற்ற வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ளலாம். 'கிராம சபை ஒப்புதல்' என்பதை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
வேட்டைக்காரன்புதூர் கால்வாய்ப் பாசன விவசாயி ஒருவர்